கையடக்கக் கைகர் கருவியால் மரக்கறி, பால், தேத்தூளை அளக்க முடியுமா?

தலவாக்கலை டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கட்டாரில் வேலை செய்யும் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது பாடசாலைக்கென்று கதிர்வீச்சை எண்ணும் ஒரு சின்னக் கைகர் கருவி வாங்கி வந்து தந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும். மணிக்கு இத்தனை மைக்ரோசிவர்ட் (உடம்பில் படும் கதிரின் அலகு) என்று திரையில் காட்டும். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு கையில் அகப்பட்டதையெல்லாம் அளக்கிறார்கள். வகுப்பறை 0.14. மாரியம்மன் கோயில் கருங்கல் படி 0.21. தேத்தூள் பக்கெட் 0.15. லீக்ஸ் கட்டு 0.13. ஒரு பின்நேரம் அடைமழை பெய்யும்போது முற்றத்தில் 0.26 வரைக்கும் ஏறிவிட்டது. பிள்ளைகள் கொஞ்சம் பயந்துதான் போனார்கள்.

இதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, மலையில் கொழுந்து எடுக்கிறவர், கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் வந்து கேட்டார்: "அந்தப் பக்கம் இந்தியாவுல அணு உலையில ஏதாச்சும் ஆனா, நாங்க எடுக்கிற கொழுந்து, பீலித் தண்ணி, மாட்டுப் பாலு, இதெல்லாம் நல்லதா கெட்டதான்னு இந்தப் பெட்டி சொல்லுமா டீச்சர்? இல்லாட்டி எங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?"

தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவருக்கு ஒரு சரியான பதில் கொடுக்க வேண்டும். இந்தக் கருவியால் உணவை அளக்கலாமா? 0.15, 0.21 என்பதற்கெல்லாம் என்ன அர்த்தம்? மழைக்கு ஏன் ஏறியது? உண்மையாகவே ஓர் அவசரநிலை வந்தால் எதை, எப்படி அளப்பார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதினால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

கந்தப்பளை மரக்கறித் தோட்டம்

டீச்சர், எனக்கும் இது தெரியணும். நான் லீக்ஸும் கோவாவும் போடுறவன். லொறி ராத்திரி ஏறி விடிய முன்னே தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ போயிடும். சும்மா ஒரு வதந்தி கிளம்பினாலே நுவரெலியா மரக்கறியை யாரும் தொட மாட்டாங்க. அன்னைக்கு என் லீக்ஸ் நல்லதுன்னு நான் எதை வச்சு நிரூபிக்கிறது? கழுவினா போயிடும்னு ஒருத்தர் சொல்றார், மண்ணிலயே இறங்கிடும், முப்பது வருஷத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

நோர்வூட்டான்

டீச்சர், அந்த அம்மா கேட்டதுதான் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நான் நோர்வூட் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். உணவு மாதிரிகளைக் காமா நிறமாலைமானியில் வைத்து எண்ணுகிற வேலையில்தான் கொழும்பில் என் காலம் போனது. இப்போது ஓய்வெடுத்து ஊரோடு இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

உங்கள் கருவி உணவை அளக்காது. இதை விட விலை கூடின கைக்கருவி வாங்கினாலும் அளக்காது. ஏன் என்று கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு பெக்கரல் என்றால் செக்கனுக்கு ஓர் அணுக்கரு சிதைவது. அணு உலை விபத்தில் வெளிவரும் முக்கியமான கதிர்ப் பொருட்கள் சீசியம்-137, அயடீன்-131, ஸ்ட்ரோன்சியம்-90. அணு விபத்துக்குப் பிறகு நாடுகளுக்கிடையில் விற்பனைக்குப் போகும் உணவில் சீசியம்-137 கிலோவுக்கு 1,000 பெக்கரலும், அயடீன்-131, ஸ்ட்ரோன்சியம்-90 போன்றவை 100 பெக்கரலும் இருக்கலாம் என்று கோடெக்ஸ் உணவு நியம ஆணைக்குழு வழிகாட்டி அளவு வைத்திருக்கிறது. இப்போது 100 கிராம் தேத்தூள் பக்கெட் ஒன்றில் சீசியம் சரியாக அந்த 1,000 அளவில் இருக்கிறது என்று வையுங்கள். பக்கெட்டுக்குள் செக்கனுக்கு 100 சிதைவு. கதிர் எல்லாத் திசையிலும் பறக்கும். அதில் கருவியின் குழாய்ப் பக்கம் வருவது, தாராளமாகப் பார்த்தாலும், பத்தில் ஒரு பங்கு. அப்படி வந்த காமாக் கதிரிலும் அந்தச் சின்னக் குழாய் பிடிப்பது நூற்றில் ஒன்று. பீட்டாக் கதிரில் பெரும்பங்கு தூளுக்குள்ளேயே அடங்கிவிடும். கடைசியில் மிஞ்சுவது நிமிடத்துக்கு ஆறு எண்ணிக்கை அளவில். பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் மேசையில் வைத்தாலும் அந்தக் குழாய் நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து எண்ணும், அதுவும் நாலைந்து கூடிக் குறைந்து ஆடிக்கொண்டே இருக்கும். வழிகாட்டி அளவின் விளிம்பில் நிற்கும் தேத்தூளே அந்த ஆட்டத்துக்குள் மறைந்துவிடும். ஜப்பான் 2012 ஏப்ரலிலிருந்து பொது உணவுக்கு வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 100 பெக்கரல்தான். அதற்கு உங்கள் குழாயில் நிமிடத்துக்கு ஓர் எண்ணிக்கை கூடத் தேறாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேத்தூளில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் பொட்டாசியம் இருக்கும். இயற்கைப் பொட்டாசியம் ஒவ்வொரு கிராமிலும் 31 பெக்கரல் கதிர்த்தொழிற்பாடு உண்டு, பொட்டாசியம்-40 என்ற சமதானியால். ஆக, எந்த விபத்தும் நடக்காத காலத்துத் தேத்தூளிலேயே கிலோவுக்கு 600 பெக்கரல் அளவில் இருக்கிறது. வளர்ந்த மனிதரின் உடம்பில் நாலாயிரத்துக்கும் மேல். இது உலகம் தோன்றிய காலத்திலிருந்து இருப்பது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கைகர் குழாய்க்கு பொட்டாசியம் எது, சீசியம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு கதிர் வந்தது என்று மட்டும் எண்ணும்.

பிரித்துச் சொல்வதுதான் நான் செய்த வேலை. சீசியம்-137 விடும் காமாவுக்கு 662 கிலோ எலத்திரன்வோல்ட் சக்தி. பொட்டாசியம்-40க்கு 1,461. அயடீன்-131க்கு 364. சோடியம் அயடைட்டுப் பளிங்கோ ஜேர்மானியப் பளிங்கோ வைத்த கருவி ஒவ்வொரு காமாவின் சக்தியையும் அளந்து, அதனதன் இடத்தில் ஒரு கூம்பாக எழுப்பிக் காட்டும். ஜேர்மானியம் மிக நுட்பமானது. அதைத் திரவ நைதரசனால் −196 பாகைக்குக் குளிரூட்ட வேண்டும். சுற்றிலும் கனத்த ஈயச் சுவர், வெளிக் கதிர் உள்ளே வராதிருக்க. மாதிரியை நடுவில் குழி வைத்த ஒரு லீட்டர் பாத்திரத்தில் நிரப்பிப் பளிங்கின் மேல் கவிழ்த்தாற்போல் வைப்போம். அப்போது கருவியை உணவு எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்கும். பிறகு காத்திருப்புத்தான். எண்ணும் நேரத்தை நாலு மடங்காக்கினால்தான் கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு பாதியாகும். விபத்து நடந்த கிழமையில் ஆயிரக்கணக்கான மாதிரிகள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுத்தால் போதும், அளவைத் தாண்டியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அமைதிக் காலத்தில் அடிமட்ட அளவு எடுக்கும்போது ஒரே கோவாவை ஒரு நாள் முழுக்க எண்ணவிடுவோம்.

ஸ்ட்ரோன்சியம்-90 இந்த வழியில் அகப்படாது. அது காமா விடாது, பீட்டா மட்டும். உணவைச் சாம்பலாக்கி, இரசாயன முறையில் பிரித்து, அதிலிருந்து பிறக்கும் இற்றியம்-90 வளர்ந்து வரும்வரை இரண்டு கிழமை காத்திருந்துதான் சொல்ல முடியும். ஆகையால் முதல் நாட்களில் யாராவது "ஸ்ட்ரோன்சியமும் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை" என்று மறுநாளே சொன்னால், எப்படிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

அப்படியானால் உங்கள் கருவி வீணா? இல்லவே இல்லை. அது அளப்பது நீங்கள் நிற்கும் இடத்தின் கதிர் வீதத்தை. அவசரநிலையில் அதற்கென்று ஒரு முக்கியமான பாத்திரம் உண்டு. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் வழிகாட்டலில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வழமையான அளவுக்கு மேல் மணிக்கு 1 மைக்ரோசிவர்ட் காட்டினால், அந்த இடத்து இலைக்கறி, மழைத் தண்ணி, புல் மேய்ந்த மாட்டின் பால் ஆகியவற்றை ஆய்வகத்தில் பார்த்து முடியும்வரை தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. உணவை ஒவ்வொன்றாக அளக்க நேரமில்லாத அந்த முதல் மணித்தியாலங்களில் தரை அளவை வைத்தே முடிவெடுப்பார்கள்.

"வழமையான அளவுக்கு மேல்" என்று எழுதினேன் பாருங்கள். அந்த வழமையான அளவு தலவாக்கலையில் எவ்வளவு, கந்தப்பளையில் எவ்வளவு, யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? நம்ம மலைப் பாறை பழைய பாறை. யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இடத்துக்கிடம் கூடிக் குறைந்து கிடக்கும். தோரியனைற்று என்ற தோரியக் கனிமத்தையே உலகத்துக்குக் காட்டியவர் ஆனந்த குமாரசுவாமி, 1904ல், இந்தப் பக்கத்துப் பலாங்கொடைப் பகுதியிலிருந்து. கலை பற்றி எழுதியவர் என்றே அவரைத் தெரிந்தவர்கள் பலர், அதற்கு முன்னால் இலங்கைக் கனிம அளவைக்குத் தலைமை தாங்கியவர். உங்கள் கோயில் படியில் 0.21 காட்டினது அந்தக் கருங்கல்லின் சொந்தக் குணம்.

மழைக்கு ஏறினதும் இயற்கைதான். மண்ணிலிருந்து ரேடன் என்ற இயற்கைக் கதிர்வாயு எந்நேரமும் காற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது. அது சிதைந்து வரும் பொருட்களை மழை கழுவித் தரையில் இறக்கும். அவற்றின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், இருபது, இருபத்தேழு நிமிடந்தான். மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் அளவு பழைய இடத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளிடம் அடுத்த மழைக்கு கால் மணிக்கொரு தரம் எழுதச் சொல்லுங்கள், இறங்குவதை அவர்களே வரைபில் பார்ப்பார்கள். சீசியம் இறங்கியிருந்தால் அப்படிக் குறையாது, அதன் அரைவாழ்வு 30 வருஷம். அயடீன்-131க்கு 8 நாள். எவ்வளவு காட்டியது என்பதோடு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும்.

ஆகவே டீச்சர், ஒரு கொப்பியைத் திறந்து, ஒரே இடம், ஒரே உயரம், ஒரே நேரம், பக்கத்தில் மழையா வெயிலா என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு தரமும் பத்து நிமிடமாவது விட்டுச் சராசரி எடுங்கள், திரையில் கண நேரம் தோன்றும் இலக்கத்தை எழுத வேண்டாம். விபத்து நடந்த பிறகு இந்தக் கொப்பியை எந்த விலைக்கும் வாங்க முடியாது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

கந்தப்பளைத் தம்பிக்கும் ஒரு பதில். நீங்கள் கேட்ட இரண்டும் உண்மைதான், காலம்தான் வேறு. முதல் நாட்களில் தூசும் மழையும் இலையின் மேல் இருக்கும். கோவாவின் வெளி இலையைக் கழற்றி, நன்றாகக் கழுவினால் கணிசமாகக் குறையும். லீக்ஸில் இலையடுக்குக்குள் மண் இறங்குவது உங்களுக்கே தெரியும், அதை நீளவாக்கில் பிளந்து கழுவ வேண்டும். கரட், உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் முதல் கிழமைகளில் அவற்றுக்கு ஆபத்துக் குறைவு. சீசியம் மண்ணுக்குப் போன பிறகு களிமண் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் எடுப்பது குறையும். புளிப்பான, இலைமக்கு நிறைந்த, களி குறைந்த மண் பிடித்து வைக்காது. அங்கேதான் வருஷக்கணக்கில் செடிக்கும் புல்லுக்கும் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் மண் எந்த வகை என்று இப்போதே பரிசோதித்துத் தெரிந்து வைத்திருப்பது உரத்துக்கும் நல்லது, இதற்கும் நல்லது.

பண்டாரவளை ஸ்டோர் ஆபீசர்

தேயிலைப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) பல வருஷம் இருக்கிறவன் என்ற முறையில்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் ஜப்பானிலிருந்து வருகிறது. 2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலை விபத்து. மே மாதம் கனகாவா மாகாணத்துத் தேயிலைக் கொழுந்தில் அப்போதைய அளவான 500 பெக்கரலைத் தாண்டிச் சீசியம் கண்டார்கள். அது உலையிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. ஜூனில் ஷிசுவோக்காவிலிருந்து பிரான்சுக்குப் போன தேயிலை பாரிஸ் விமான நிலையத்தில் கிலோவுக்கு 1,038 பெக்கரல் காட்டியது. ஷிசுவோக்கா அதையும் விடத் தூரம், 360 கி.மீ. அளவில். வரைபடத்தில் கூடங்குளத்துக்கும் நுவரெலியாவுக்கும் கோடு போட்டுப் பாருங்கள், அதே 360 கி.மீ. கிட்டத்தான் வரும். கூடங்குளத்தில் அப்படி ஆகும் என்று நான் சொல்லவரவில்லை, உலையும் வேறு, காற்றும் வேறு. இத்தனை தூரத்தில் இருக்கும் தேயிலை மலையை யாரும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அங்கே நடந்தது இதுதான். மார்ச்சில் புதுக் கொழுந்து இன்னும் விடவில்லை. சீசியம் பழைய முற்றின இலையில் படிந்து, இலை வழியாகவே உள்ளே போய், அங்கிருந்து ஏப்ரல், மே கொழுந்துக்கு ஏறியது. மண்ணிலிருந்து வேர் வழியாக வந்தது சொற்பம். அதனால் அவர்கள் ஆழக் கவ்வாத்து வெட்டி அந்தப் பழைய இலையை அகற்றினார்கள், அளவு வேகமாக இறங்கியது. நம்ம மலையில் வருஷம் முழுக்க கிழமைக்கு ஒருக்கா, பத்து நாளைக்கு ஒருக்கா கொழுந்து எடுக்கிறோம். எந்த மாதத்தில் என்ன விழுந்தாலும் அது நேராக எடுக்கிற கொழுந்தின் மேலேயே விழும். கொழுந்து எடுக்கிற பெண்களின் கைக்கும் தலைச்சுமைக்கும்தான் அது முதலில் வரும். அந்த அம்மாவின் கேள்வியை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன்.

இலக்கத்தைக் கேட்கும்போது பச்சைக் கொழுந்தா, காய்ந்த தூளா, குடிக்கிற தேத்தண்ணியா என்று கட்டாயம் கேளுங்கள். நாலரைக் கிலோ கொழுந்து வாடி, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. கொழுந்தில் 100 பெக்கரல் என்றால் தூளில் 450. ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள், 200 மில்லிலீட்டர் தண்ணி. தூளில் உள்ளது அவ்வளவும் தண்ணிக்கு இறங்கினாலும் லீட்டருக்கு நாலரை பெக்கரல்தான். மூன்று இலக்கமும் ஒரே செடியுடையது. ஒருவர் 100 என்பார், இன்னொருவர் 450 என்பார், மூன்றாமவர் 4.5 என்பார், மூவரும் உண்மைதான் சொல்வார்கள், கேட்கிற சனம் கலங்கிப்போகும். ஜப்பான் 2012லிருந்து கிரீன் டீயைக் குடிக்கிற நிலையில் வைத்தே அளக்கிறது, குடிநீருக்குரிய 10 பெக்கரல் அளவோடு.

துருக்கியையும் சொல்லிவிடுகிறேன். 1986ல் செர்னோபில் அணு உலை விபத்தின் மேகம் கருங்கடல் கரையில் ரிசே பகுதித் தேயிலையின் மேல் மழையோடு இறங்கியது. அப்போதைய அமைச்சர் ஜாஹித் ஆரல் கமெராக்களுக்கு முன்னால் தேநீர் குடித்துக் காட்டினார். பிறகு மாசுபட்ட தேயிலையை அழிக்க வேண்டி வந்தது. ஓர் அமைச்சர் குடிப்பதால் ஒரு பெக்கரலும் தெரியவராது. எந்தத் தோட்டம், எந்த நாள் எடுத்த கொழுந்து, எத்தனை பெக்கரல் என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தால் அந்த மக்களுக்கு அது மரியாதையாக இருந்திருக்கும்.

தலவாக்கலை டீச்சர்

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. கொப்பி இன்றே தொடங்கிவிட்டது, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் உயரத்தில் கட்டை ஒன்று நட்டிருக்கிறோம்.

பாலைப் பற்றிக் கேட்க வேண்டும். இங்கே லயத்தில் பல வீடுகளில் ஒரு மாடு இருக்கிறது. காலையில் பால் சேகரிக்கிறவரிடம் ஊற்றிவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். சிறு பிள்ளைகளுக்குத்தான் ஆபத்துக் கூட என்று வாசித்தேன். பாலை எப்படிப் பார்ப்பார்கள்? அந்த அம்மா கடைசியில் கேட்டதற்கும், யார் வந்து சொல்வார்கள் என்பதற்கும், பதில் வேண்டும் ஐயா.

நோர்வூட்டான்

பால்தான் முதலில் பார்க்க வேண்டியது. மாடு ஒரு நாளில் பெரிய பரப்புப் புல்லை மேய்ந்து, அதில் விழுந்த அயடீனைப் பாலில் கொண்டுவந்து சேர்க்கும். ஓரிரண்டு நாளிலேயே பாலில் தெரியும். பிள்ளையின் தைரொயிட்டுச் சுரப்பி சின்னது, உடம்புக்குள் போகும் அயடீனில் கணிசமான பங்கு அங்கேயே போய்ச் சேரும். 1957 ஒக்டோபரில் இங்கிலாந்தில் வின்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது சுற்றிலும் 500 சதுர கி.மீ. பரப்புப் பண்ணைகளின் பாலைக் கொட்டினார்கள். செர்னோபிலுக்குப் பிறகு பல கிராமங்களில் யாரும் தடுக்கவில்லை, பிள்ளைகள் அந்தப் பாலைக் குடித்தார்கள். அப்போது சிறுவர்களாக இருந்தவர்களிடையே 2005க்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோய்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக ஐ.நா. விஞ்ஞானக் குழுவின் அறிக்கை சொல்கிறது. அதில் கணிசமான பங்கு அந்தப் பாலால் வந்திருக்கலாம், தடுத்திருக்கக்கூடியது. இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

செய்ய வேண்டியது லேசானதுதான். மாட்டை மேயவிடாமல் பட்டியில் கட்டி, மூடி வைத்த பழைய புல்லையும் புண்ணாக்கையும் கொடுத்து, மூடின தாங்கித் தண்ணி காட்டுவது. பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் முன்பே வாங்கிய பால்மா. மாதிரி எடுப்பது சேகரிப்பு நிலையத்தில், ஏனென்றால் ஒரு பவுசருக்குள் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. அது கூடக் காட்டினால் பின்னோக்கிப் போய் எந்தப் பட்டி என்று பிரித்துப் பார்க்கலாம். அயடீன் மட்டுமே என்றால் எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், பாலை மாவாக்கி வைத்திருந்தே கடத்தலாம். பால்மாவும் சும்மா வருவதில்லை, செர்னோபில் காலத்திலிருந்து இறக்குமதிப் பால்மாவைச் சீசியத்துக்காக நம் நாட்டில் பரிசோதிக்கிறார்கள்.

ஆடு, மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பிரித்தானியாவின் வேல்ஸ், கம்பிரியா மலைகளில் செர்னோபில் மழை விழுந்தது 1986 மேயில். ஜூனில் செம்மறி ஆடு விற்கத் தடை போட்டபோது மூன்று கிழமையில் முடிந்துவிடும் என்றார்கள். மலையின் புளிப்பு மண் சீசியத்தை விடாமல் புல்லுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கடைசித் தடை நீங்கியது 2012ல். அந்த இருபத்தாறு வருஷமும் ஆட்டை வெட்டாமல், உயிரோடு பிடித்து, பின்தொடையில் சோடியம் அயடைட்டுக் கருவியை அழுத்தி அளந்தார்கள். கிலோவுக்கு 1,000 பெக்கரல் அளவைத் தாண்டிய ஆட்டுக்கு நிறம் பூசி, தாழ்நிலத்துச் சுத்தமான புல்லுக்கு அனுப்பி, சில கிழமை கழித்துத் திரும்ப அளப்பார்கள். மலை வேறு, சமவெளி வேறு. கொழும்பில் எடுத்த ஒரு அளவை வைத்து நோர்வூட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. புகுஷிமாவிலும் அப்படித்தான், உலைக்கு வடமேற்கே 40 கி.மீ. அளவில் இருந்த இட்டாட்டே கிராமம் 20 கி.மீ. வட்டத்துக்கு வெளியே என்று விடப்பட்டது. மார்ச் 15 அன்று அங்கே மழையும் பனியும் விழுந்திருந்தது. ஏப்ரலில்தான் வெளியேறச் சொன்னார்கள். மேற்குச் சரிவில் மழை கொட்டும் நம்ம ஊர்களுக்கு இது நேராகப் பொருந்தும்.

யார் சொல்வார்கள்? 2014ம் ஆண்டின் 40ம் இலக்கச் சட்டத்தின்படி அளப்பதற்கு இலங்கை அணுசக்திச் சபை இருக்கிறது, ஒருகொடவத்தையில். கண்காணிக்க ஓர் ஒழுங்குறுத்தல் பேரவை இருக்கிறது. கரையோரங்களில் தானாக எண்ணி அனுப்பும் காமா நிலையங்கள் இருக்கின்றன, கூடங்குளத்தை மனதில் வைத்தே அவை அமைந்தன. பொதுமக்கள் கேட்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இவை இருப்பது நல்லது. அங்கே இருந்து வரும் இலக்கம் தோட்டத்து லயம் வரைக்கும், தமிழில், எந்த இடம், எந்த உணவு, எந்த அலகு என்பதோடு வந்து சேர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பிரதேச செயலகத்துக்கும் பொதுச் சுகாதார பரிசோதகருக்கும் இதை இப்போதே எழுதிக் கேளுங்கள், பாடசாலை பேரில் ஒரு கடிதமாக. மண் சரிவு எச்சரிக்கை தோட்டத்துக்கு வருகிற அதே வழியில் இதுவும் வர வேண்டும் என்று கேட்பதில் தப்பேயில்லை. அந்த அம்மாவிடம் பதிலைச் சொல்லும்போது கடிதத்தில் அவரும் கையெழுத்து வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

கந்தப்பளை மரக்கறித் தோட்டம்

ஐயா, நாங்க இங்க விவசாயிகள் சங்கத்துல பேசினோம். விபத்து எதுவும் இல்லாத இந்த நேரத்துலயே காசு கட்டி ஒரு தரம் லீக்ஸையும் மண்ணையும் அளந்து, பேப்பரை வச்சுக்கலாம்னு முடிவு. எப்படி எடுத்து அனுப்புறது?

நோர்வூட்டான்

தம்பி, இந்தச் செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷம். முதலில் ஆய்வகத்துக்குப் போன் எடுத்து எவ்வளவு வேண்டும், கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக, சமையலுக்கு எடுப்பது போல வேரும் வாடின இலையும் நீக்கி, கழுவி, ஈரம் வடிந்த பிறகு இரண்டு கிலோ இருந்தால் ஒரு லீட்டர் பாத்திரத்துக்குத் தாராளம். ஒரே பாத்தியில் எடுக்காமல் தோட்டத்தின் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலக்குங்கள். உரம் போட்ட கையோடு எடுக்க வேண்டாம், பொட்டாஷ் உரத்திலேயே பொட்டாசியம்-40 நிறைய இருக்கிறது. மண்ணுக்கு, மேல் ஐந்து சென்ரிமீட்டர் ஒரு பையிலும் அதற்குக் கீழே உள்ளது இன்னொரு பையிலும். கத்தியையும் மண்வெட்டியையும் ஒவ்வொரு இடத்துக்கும் கழுவித் துடையுங்கள். புதுப் பொலித்தீன் பை, இரட்டையாக.

பைக்குள் வைக்கிற துண்டில் தோட்டத்தின் பெயர், பாத்தி இருக்கும் இடம், எடுத்த தேதி, நேரம், ஈரமாக நிறுத்த எடை, முந்தின மூன்று நாள் மழையா இல்லையா, எடுத்தவர் பெயர், எல்லாம் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும். "கோவா" என்று மட்டும் எழுதி வந்த பைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றையும் எண்ணினோம், இலக்கமும் வந்தது, எந்த மலைக்கு அந்த இலக்கம் என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. அறிக்கை வந்ததும் "கண்டுபிடிக்கப்படவில்லை" என்று இருந்தால் அதோடு விடாதீர்கள், எத்தனை பெக்கரலுக்குக் கீழே கருவிக்குத் தெரியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இலக்கம் இருந்தால்தான் பின்னொரு நாள் எடுக்கும் அளவை இதோடு ஒப்பிடலாம். டீச்சருடைய கொப்பியில் ஒரு பிரதியும் ஒட்டி வையுங்கள்.